கல்கிசை: ஒரு கடற்கரை உல்லாசபுரியின் வரலாறு

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது தமிழ் இலக்கண மரபு. ஆயினும், கடற்கரையை இன்பம் நுகரும் இடமாகவும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையே சான்றாகும். இந்திர விழா முடிந்த பின் புகார் நகரத்து மக்கள் கடலாடச் செல்கின்றனர். கோவலன் கோவேறு கழுதை மீதும் மாதவி வண்டியிலும் ஏறிக் கடற்கரையை அடைகின்றனர். வைகறை இருளில் அக்கரையில் தோன்றிய விளக்குகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். சாந்தும் பூவும் விற்போரின் விளக்கு, கம்மியரின் விளக்கு, பணியாரம் விற்போரின் விளக்கு, அப்பம் சுடுவோரின் விளக்கு, மீன் விற்போரின் விளக்கு, பரதவர் திமிலில் எரியும் விளக்கு, கலங்கரை விளக்கு என அப்பட்டியல் நீளும். இன்பம் நுகர வந்தோரை மட்டுமன்றி, அவ்வின்பத்தைச் சமைத்துக் கொடுத்தோரையும் பாடிய புலவர் அவர். இக்கால உல்லாசபுரிகளின் வரலாற்றை எழுதுவோரிடம் இந்தக் கண்ணை நாம் காண்பது அரிது. கல்கிசையின் வரலாற்றை ஆராயப் புகும் இக்கட்டுரை, இயன்ற வரையில் அந்த விளக்குகளையும் தேட முயல்கிறது.

இன்று நாம் அறியும் கடற்கரை உல்லாசபுரி என்பது மிகப் பழைய பொருளன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில மருத்துவர்கள் கடல்நீராட்டை ஒரு மருந்தாகப் பரிந்துரைக்கத் தொடங்கினர். இங்கிலாந்தின் குளிரும் மூடுபனியும் ஒவ்வாத செல்வர்கள் மத்தியதரைக் கடலின் வடகரையை நாடினர். இவ்வாறே நீஸ் நகரம் பெயர் பெற்றது. அங்கு கடலை ஒட்டிச் செல்லும் புகழ்பெற்ற உலாவீதிக்கு 'ஆங்கிலேயர் உலாவீதி' என்றே பெயர். 1820களின் தொடக்கத்தில், கடுங்குளிரால் விளைச்சல் கெட்டு வேலையற்றிருந்த ஏழைகளைக் கொண்டு, அங்கு வந்து தங்கிய ஆங்கிலேயரின் பணத்தில் அது அமைக்கப்பட்டது. வீதியின் பெயரில் பணம் கொடுத்தவர் நிலைத்தனர்; கல் சுமந்தவர் மறைந்தனர். 1834இல் புரூம் பிரபு இத்தாலிக்குச் செல்லும் வழியில், கொலரா நோய் காரணமாக எல்லை மூடப்பட்டிருக்கவே, கான் என்ற மீன்பிடிக் கிராமத்தில் தங்க நேர்ந்தது. அவ்விடம் பிடித்துப் போய் அங்கேயே மாளிகை கட்டினார். செல்வர்கள் அவரைப் பின்தொடர்ந்தனர். 1863இல் மொனாக்கோவில் சூதாட்ட மாளிகை புது நிருவாகத்தின் கீழ் வந்தது; 1868இல் புகையிரதமும் வந்து சேர்ந்தது. மருத்துவர், பிரபு, புகையிரதம் என்ற இந்த வரிசையை மனத்திலிருத்திக்கொண்டு இலங்கைக்குத் திரும்புவோம். இங்கும் ஏறத்தாழ இதே வரிசை உண்டு. மருத்துவரின் இடத்தில் மட்டும் தேசாதிபதி நிற்கிறார்.

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவில், கடலுக்குள் மூக்கை நீட்டியது போன்ற ஒரு பாறை மேடு உண்டு. வடக்கேயும் தெற்கேயும் மணற்கரை வளைந்து செல்லும். 1805இல் இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்த சேர் தோமஸ் மெயிட்லண்ட் இம்மேட்டைக் கண்டு விரும்பித் தமக்கு ஒரு வாசஸ்தலத்தை அமைத்துக்கொண்டார். 1811 வரை அவர் இங்கு ஆட்சி புரிந்தார். அதன் பின் அவர் சென்ற இடம் நம் ஆராய்ச்சிக்குச் சுவை கூட்டுவது. 1813இல் அவர் மோல்டாத் தீவின் தேசாதிபதியானார். 1815இல் அயோனியத் தீவுகளின் உயர் ஆணையாளருமானார். கிரேக்க நாட்டின் மேற்கே உள்ள கோர்பூத் தீவில் அவருக்கென எழுந்த கல் மாளிகை இன்று ஆசியக் கலைப்பொருள்களின் நூதனசாலையாக விளங்குகிறது. இன்று மோல்டாவும் கோர்பூவும் மத்தியதரைக் கடலின் பெயர்பெற்ற உல்லாசபுரிகள். ஆகவே, கல்கிசையை மத்தியதரைக் கடற்கரையோடு ஒப்பிடுவது வெறும் அணிநயமன்று. ஒரே மனிதர் இரு கரைகளிலும் வீடு கட்டியிருக்கிறார். 1819இல் அயோனியத் தீவுகளுள் ஒன்றான லெவ்காதாவின் விவசாயிகள் வரிச்சுமை தாங்காது கிளர்ந்தபோது அக்கிளர்ச்சியை அடக்கியவரும் அவரே. உல்லாச மாளிகை கட்டும் கையும் வரி வாங்கும் கையும் வேறு வேறல்ல.

கல்கிசைக்கு வருவோர்க்கெல்லாம் சொல்லப்படும் கதை வேறு. மெயிட்லண்ட் கடைசிவரை மணமாகாதவர். அவரை வரவேற்க நடந்த விருந்தில் ஆடிய லொவினியா என்ற கலப்பின நங்கையிடம் அவர் மனத்தைப் பறிகொடுத்தாராம். மாளிகையின் மதுக்கிடங்கிலிருந்து அவள் வீட்டுக் கிணறு வரை சுரங்கம் தோண்டி, இரவில் அவளை அழைத்து வந்தாராம். மவுண்ட் லவினியா என்ற ஆங்கிலப் பெயர் அவளாலேயே வந்தது என்பர். கடற்பறவையைக் குறிக்கும் 'லிஹினியா' என்ற சிங்களச் சொல்லே திரிந்து இப்பெயராயிற்று என்று கூறுவோரும் உளர். இரண்டாவது விளக்கம் உண்மையாயின், ஒரு பறவையிலிருந்து ஒரு காதலியையே படைத்துவிட்டது உல்லாசபுரியின் கற்பனை! முதல் விளக்கமே உண்மை என்று கொண்டாலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இம்மாளிகையின் கதையில் பெயரோடு இடம்பெறும் சுதேசி அவள் ஒருத்தியே. அவளும் முன்வாசலால் வரவில்லை. நிலத்தின் கீழாகவே வருகிறாள். காதல் கதையாகப் பேசப்படும் இதில் அதிகாரத்தின் மணமும் வீசுகிறது என்று கூறினால், கதையை விரும்புவோர் எம்மைப் பொறுத்தருள்க.

மெயிட்லண்டைவிடக் கல்கிசைக்கு முக்கியமானவர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூப் போரில் காயமுற்ற இப்படைத்தளபதி, 1820 முதல் 1822 வரை பதில் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இலங்கையை ஆண்டார். கல்கிசையில் இருந்த இல்லத்தைப் பெரும் பொருட்செலவில் மாளிகையாக எடுப்பித்தவர் இவரே. இன்று அங்குள்ள ஹோட்டலின் நடுப்பகுதியில் நாம் காணும் கம்பீரம் அவர் காலத்தின் நினைவு. லண்டனில் இருந்த குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கு இச்செலவு உவப்பாக இருக்கவில்லை. பார்ன்ஸ் 1831இல் இந்தியாவுக்குப் படைத்தலைவராகச் சென்றார். மாளிகை கவனிப்பாரற்றுக் கிடந்து, 1842இல் விற்கப்பட்டது.

வழிகாட்டி நூல்கள் பார்ன்ஸின் கதையை இவ்வளவோடு முடித்துக்கொள்ளும். எமக்கு அது இங்குதான் தொடங்குகிறது. கல்கிசையில் மாளிகை எழுந்த அதே காலத்தில் பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் பார்ன்ஸ் தமது சொந்தக் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சிங்ஹப்பிட்டியில் தோட்டம் திறந்ததும் அக்காலத்திலேயே. கோப்பிக்கு ஏற்றுமதி வரியை நீக்கியவர் பார்ன்ஸ். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு இராசகாரியத்திலிருந்து விலக்களித்தவரும் அவரே. கொழும்பு - கண்டி வீதி அவர் காலத்திலேயே திறக்கப்பட்டது. அவ்வீதிக்காகக் காடு வெட்டியவர்களும் கல் உடைத்தவர்களும் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின்பேரில் பிடிக்கப்பட்ட சுதேசிகள். அவ்வூழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயருக்காக நுவரெலியாவைச் சுகவாசத் தலமாக்கத் தொடங்கியவரும் பார்ன்ஸ்தான். கடற்கரையில் ஓர் உல்லாசம், மலையில் ஓர் உல்லாசம், இரண்டுக்கும் இடையில் ஒரு வீதி, வீதியின் இருமருங்கும் கோப்பி என்ற இந்த நாற்கோணத்தை ஒரே மனிதரின் ஆட்சியில் காண்கிறோம். கல்கிசையின் வரலாற்றைத் தனியே பிரித்து எழுதுதல் ஒரு கட்டடத்தின் முகப்பை மட்டும் வரைவது போன்றதாகும்.

கோப்பி வளர்ந்தது. சுதேசிகள் கூலிக்கு வர விரும்பாமையால் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் திரட்டப்பட்டனர். அவர்கள் பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். பசியாலும் கொலராவாலும் வழியில் மாண்டோர் பலர். அம்மக்கள் கண்ட இலங்கைக் கடற்கரை அதுவே. அவர்களின் வழிவந்தோரே பின்னர் தேயிலையும் இறப்பரும் சப்பிரகமுவா மலைச்சாரல்களில் பரவியபோது இரத்தினபுரி, கேகாலை, பலாங்கொடைப் பகுதிகளின் லயன்களில் குடியமர்த்தப்பட்டனர்.

கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகையின் முன்னே பார்ன்ஸின் சிலை நிற்கிறது. கொழும்பிலிருந்து வெளிச்செல்லும் வீதிகளின் தூரம் அச்சிலையிலிருந்தே அளக்கப்படுவது மரபு. பலாங்கொடை நகரின் தூரக்கல் காட்டும் 140 கிலோமீற்றர் அளவிலான தூரம், உண்மையில் பார்ன்ஸின் காலடிக்கும் எமது ஊருக்கும் இடையிலான தூரமே. கல்கிசைக்கு அவர் அளந்துவைத்த தூரம் 12.

மாளிகையை மக்கள் அறியும் உல்லாசபுரியாக்கியது புகையிரதமாகும். தென் கரையோரப் பாதை 1877இல் கல்கிசையை அடைந்தது. அதே ஆண்டில் பழைய மாளிகை ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கப்பலில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்திறங்கிய பிரயாணிகள் சிறிது நேரத்தில் தென்னஞ்சோலையும் அலையும் கண்டு, மீனும் மதுவும் அருந்தி, மாலையில் கப்பலுக்கு மீளலாம். சுயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பின் மத்தியதரைக் கடலிலிருந்து கீழைத்தேயம் நோக்கி வந்த கப்பல்கள் பெருகியமை இதற்குத் துணைசெய்தது. 1864இல் திறக்கப்பட்ட காலிமுக ஹோட்டலும் இதே வருவோரை நம்பியதே. பாதை 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் எட்டியது.

இதற்கு ஒப்பாக எமது பக்கத்துப் பாதையையும் பார்ப்போம். களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கைக்கும் வந்தது. பலாங்கொடை வரை அது வரவேயில்லை. அப்பாதை தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுசெல்ல இடப்பட்டது, கடலாடுவோருக்காக அன்று. 1976இல் இலாபமில்லை என்று மேற்பகுதி மூடப்பட்டுத் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. கரையோரப் புகையிரதம் மட்டும் இன்றும் கடலலை தெறிக்கும் தூரத்தில் ஓடுகிறது.

கல்கிசையின் அழகை மறுப்பதற்கில்லை. மாலை வேளையில் அப்பாறை மேட்டில் நின்று வடக்கே நோக்கினால், வளைந்து செல்லும் கரையின் முடிவில் கொழும்பின் உயர்ந்த கட்டடங்கள் புகைப்படலத்தில் மிதப்பதைக் காணலாம். மேற்கே தடையின்றிச் சூரியன் கடலில் இறங்கும். தண்டவாளத்தைக் கடந்து மணலில் கால் வைப்பவர் அங்கே இரு உலகங்களை ஒருங்கே காண்பர். ஒரு புறம் வெள்ளைச் சீருடை அணிந்த பரிசாரகர் பளபளக்கும் கிண்ணங்களை ஏந்திச் செல்வர். மறுபுறம் மீனவர் தோணிகளைக் கரைக்கு ஏற்றுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வடை, அன்னாசித்துண்டு, கடலை விற்போரும், பட்டம் விடும் சிறுவரும், உடுத்த உடையுடனே நீரில் இறங்கும் குடும்பங்களும் கரையை நிறைப்பர். கரையோர நிலம் அரசுக்கு உரியதாகையால் அங்கு நடப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இது சிறிய உரிமையன்று. புகாரின் விளக்குகளை நினைவூட்டும் காட்சி இந்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சியே. அங்குள்ள சிற்றுண்டிச்சாலைகளிலும் கடைகளிலும் செவிமடுத்தால், மலையகத்துத் தமிழ் கேட்கும். தோட்டத்தில் வாழ வழியின்றித் தலைநகருக்கு வேலை தேடி வந்த இளைஞரின் பேச்சு அது.

கரை தேய்ந்து வருவதும் உண்மை. 2020இல் கடலடியிலிருந்து மணல் எடுத்துக் கல்கிசைக் கரையில் கொட்டினர். அம்மணலைக் கடல் விரைவிலேயே இழுத்துச் சென்றதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. இயற்கையின் அழகென விற்கப்படும் பொருளைப் பணம் கொடுத்துச் செய்ய நேர்ந்த காலம் இது.

உல்லாசபுரிக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு தனியே ஆராயத்தக்கது. கான் நகரின் இன்றைய பெயருக்கு 1946 முதல் அங்கு நடைபெறும் திரைப்பட விழாவே காரணம். 1957ஆம் ஆண்டு இவ்வகையில் எமக்கு நினைவிற்குரியது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' என்ற சிங்களப் படம் அவ்வாண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அதே ஆண்டில் டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' வெளியாகி உலகப் புகழ் பெற்றது. அதன் பாலம் கட்டப்பட்டது எமது சப்பிரகமுவாவின் கித்துள்கலையில், களனி கங்கையின் குறுக்கே. படத்தில் இராணுவ மருத்துவமனையாகக் காட்டப்பட்டது கல்கிசை ஹோட்டல். கதையோ பர்மாப் புகையிரதப் பாதையில் நிகழ்வது. அப்பாதையில் மாண்ட பல்லாயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். படத்தில் அவர்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2015இல் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரம் ஏற்ற, ஜாக் ஒடியார் இயக்கிய 'தீபன்' கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. பாரிஸ் நகரின் புறத்தே காவலாளியாக வேலை பார்க்கும் தமிழ் அகதியின் கதை அது. அத்தகையோர் கதாநாயகராக அந்த மேடையை அடைய ஏறத்தாழ எழுபது விழாக்கள் செல்ல வேண்டியிருந்தது.

சுதந்திரத்தின் பின் உல்லாசப் பயணத்தை அரசு ஒரு தொழிலாகவே ஏற்றது. 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை சட்டப்படி நிறுவப்பட்டது. அவ்வாண்டு வந்த வெளிநாட்டார் ஏறத்தாழ 19,000 பேர்; 1982இல் அத்தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டியது. ஜெப்ரி பாவா அமைத்த பென்தோட்டை ஹோட்டலும், ஹிக்கடுவையும், கிழக்கே பாசிக்குடாவும் நிலாவெளியும் பெயர் பெற்றன. கல்கிசையின் தனிச்சிறப்பு குன்றியது. 1983 ஜூலையில் கொழும்பிலும் புறநகர்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அகதிகளாக்கப்பட்ட தமிழரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் காங்கேசன்துறைக்குச் சென்றன. உல்லாசப் பிரயாணிகளின் தொகை வீழ்ந்தது என அந்நாளைய புள்ளிவிபரங்கள் கூறும். கடல்வழியே போனவர்களை அப்புள்ளிவிபரங்கள் பிரயாணிகளாகக் கொள்வதில்லை.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் கரையோரப் புகையிரதத்தை அலை கவிழ்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. ஹோட்டல்களுக்கு விலக்கு, மீனவருக்குத் தடை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோதும் அதே வினா எழுந்தது: தோணியை எங்கே கட்டுவது? 2018இல் வந்த பிரயாணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். அந்நியச் செலாவணியைத் தேயிலை ஈட்டுகிறதா, கடற்கரை ஈட்டுகிறதா எனப் பொருளியலாளர் ஒப்பிடுவதுண்டு. பார்ன்ஸ் தொடங்கிய இரண்டும் இன்றும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களில் நிற்பதையே அவ்வொப்பீடு காட்டுகிறது.

மலையக மக்களுக்குக் கடல் மீண்டும் ஒருமுறை நேர்ந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை முடிவு செய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பலில் தோட்டம் தோட்டமாக அவர்கள் ஏறினர். 1984இல் அக்கப்பல் சேவை நின்றது.

பலாங்கொடைக்கு மேலே, ஹோட்டன் சமவெளியின் விளிம்பில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை உண்டு. மூடுபனி எழுமுன், தெளிந்த காலை வேளையில், தெற்கே வெகுதூரத்தில் வெள்ளிக்கோடாகக் கடல் தெரியும் என்பர். எமது தோட்டத்தாருள் பலருக்குக் கடல் என்பது அவ்வளவே. சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் வண்டியை அமர்த்திக்கொண்டு, இரவில் புறப்பட்டு, காலையில் கல்கிசைக்குச் சென்றோம். எழுபது வயதைக் கடந்த எம் அப்பாயியும் வந்திருந்தார். அவர் தம்பியின் குடும்பம் 1970களில் இந்தியாவுக்குப் போனபோது, அவரால் பலாங்கொடை பஸ் நிலையம் வரையே சென்று வழியனுப்ப முடிந்தது. கப்பலையோ கடலையோ அவர் கண்டதில்லை. சேலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அலை கால்களை நனைக்கும் வரை நின்றார். பின்பு, அக்கரை எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பாறை மேட்டையும் ஹோட்டலையும் முதுகுக்குப் பின்னே விட்டு, வடக்கே கையைக் காட்டினோம்.